லாயக்கில்லை என்று சொல்வதற்கு முன்

“அவன் ஒழுங்காப் படிச்சிருந்தா இந்நேரம் கூப்பிட்டிருக்க மாட்டானாடா?”

விருதுநகரிலிருந்து என் கல்லூரி நண்பன் போனில் கேட்டான். அவன் மகன் அப்போது ஹைதராபாத் அமீர்பேட்டையில், ஒரு ஹாஸ்டலில், நாலு கட்டில் போட்ட அறையில் இருந்தான். இறுதியாண்டு படிக்கும்போதே கேம்பஸில் தேர்வானவன். ஆஃபர் லெட்டர் வந்த அன்று தெருவுக்கே இனிப்பு கொடுத்தார்கள். 2023இல் பட்டம் வாங்கினான். சேரும் தேதி மட்டும் வரவில்லை. மாதம் ஒருமுறை, “விரைவில் தெரிவிக்கப்படும்” என்று ஒரு மின்னஞ்சல். பத்து மாதம் வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, சென்னை போய் சார்மினார் எக்ஸ்பிரஸ் ஏறி, நான் இருக்கும் இந்த ஊருக்கே வந்து சேர்ந்தான், ஏதாவது ஒரு கோர்ஸ் படித்து வேறு வேலை தேடலாம் என்று.

வேலை கொடுக்கிறேன் என்று எழுத்தில் கொடுத்த நிறுவனம் வாக்குத் தவறியிருக்கிறது. பெற்ற தகப்பனோ மகன் சரியாகப் படிக்கவில்லை என்று நினைக்கிறான். நண்பன் மேல் எனக்குக் கோபமில்லை. இருபது வருடமாக அவன் காதில் ஓதப்பட்டது அது ஒன்றுதான். நம் பிள்ளைகள் படித்துவிட்டு வருகிறார்கள், ஆனால் வேலைக்கு லாயக்கில்லை. கல்லூரிக்கும் தொழிலுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது, அதைத் தாண்டும் திறன் இவர்களிடம் இல்லை. பட்டமளிப்பு விழா மேடைகளிலும், தொழில்துறை மாநாடுகளிலும், ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ்களிலும், கடைசியில் சாப்பாட்டு மேசையிலும் இதே பேச்சுதான். இந்தப் பேச்சு தவறு. பாதி உண்மை என்றுகூட நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அவர்கள் காட்டும் கணக்குகளைப் பார்ப்போம். 2005இல் மெக்கின்சி நிறுவனம் இந்தியப் பொறியாளர்களில் நான்கில் ஒருவர்தான் பன்னாட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கத் தகுந்தவர் என்றது. 2017இல் ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் என்ற நிறுவனம் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் 36,000 மாணவர்களுக்குத் தேர்வு வைத்துவிட்டு, 4.77 சதவீதம் பேருக்குத்தான் ஒரு புரோகிராமுக்கான தர்க்கத்தைச் சரியாக எழுத வருகிறது என்று அறிவித்தது. “95 சதவீத இன்ஜினியர்கள் தகுதியற்றவர்கள்” என்று பல பத்திரிகைகளில் தலைப்பு. 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையும் இளைஞர்களில் 51.25 சதவீதம் பேர்தான் வேலைக்குத் தகுதியானவர்கள் என்ற எண்ணை எடுத்தாண்டது.

மெக்கின்சியின் கணக்கு வந்த காலத்தில் இந்தியாவின் மென்பொருள், பி.பி.ஓ. துறையில் ஏறத்தாழ 13 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். 2023இல் அது 54 லட்சம் ஆனது. இடையில் சேர்ந்த நாற்பது லட்சம் பேர் எங்கிருந்து வந்தார்கள்? தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட அந்த மூன்று பங்கிலிருந்தும்தானே? அவர்களை வைத்துக்கொண்டுதான் இந்தத் துறை உலகத்துக்கே வேலை செய்து கொடுத்தது. ஹைதராபாத்தின் மாதாப்பூரும் கச்சிபௌலியும் நானக்ராம்குடாவும் அவர்கள் உழைப்பில் எழுந்தவை. தகுதியற்றவர்களை வைத்து இவ்வளவு பெரிய துறையைக் கட்ட முடிந்தது என்றால், தகுதி என்று எதை அளந்தார்கள் என்ற கேள்வி வருகிறதா இல்லையா?

அளந்தவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். ஆஸ்பைரிங் மைண்ட்ஸின் தொழிலே வேலைக்கு ஆளெடுக்கும் தேர்வுகளை நடத்துவதாக இருந்தது. வேலை தேடும் பிள்ளைகள் கட்டணம் கட்டி அதன் தேர்வை எழுதினார்கள். 51.25 என்ற எண் எந்த அறிக்கையிலிருந்து வந்ததோ, அதைத் தயாரிப்பதும் தேர்வு நடத்தும் நிறுவனம்தான். அவர்கள் பொய்க் கணக்கு எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊரில் காய்ச்சல் பரவிவிட்டது என்று அறிவிப்பவரே ரத்தப் பரிசோதனைக் கூடமும் நடத்தினால், இன்னொருவரிடமும் கேட்டுப் பார்ப்போம் என்று சாதாரண மனிதனுக்குத் தோன்றும். நம் பத்திரிகைகளுக்குத் தோன்றவில்லை.

இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, நான் அப்போது இருந்த நிறுவனத்துக்காக நேர்காணல் குழுவில் உட்கார்ந்தேன். இருந்தது 20 இடம். வந்திருந்தது 400 பேருக்குக் குறையாமல். காலையிலேயே எங்களுக்குச் சொல்லிவிட்டார்கள், மாலைக்குள் இருபதாக்க வேண்டும். முதல் சுற்றில் எழுத்துத் தேர்வின் வெட்டு மதிப்பெண் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேரைத் தேற்றிவிட்டது என்று, மதிப்பெண்ணை உயர்த்தினார்கள். அப்படியும் கூட்டம் குறையவில்லை. பத்தாம் வகுப்பில் 70 சதவீதத்துக்குக் கீழே எடுத்தவர்களை எழுப்பி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எங்கள் முறை. நாங்கள் கேட்ட கேள்விகள் அந்த வேலைக்குத் தேவையானவை அல்ல என்பது எங்களுக்கே தெரியும். ஆளைக் கழிக்க ஒரு கேள்வி வேண்டும், கேட்டோம். பதில் தெரியாமல் ஒரு பெண் கண்கலங்கி எழுந்து போனது இன்றும் என் மனதில் இருக்கிறது. மகபூப்நகர் பக்கத்துக் கிராமம் என்று சொன்னாள். தெலுங்கு வழியில் படித்து, அந்த வீட்டில் முதல்முதலாகப் பட்டம் வாங்கியவள். அவள் எழுதிய புரோகிராம் சரியாகத்தான் இருந்தது.

அடுத்த வாரக் கூட்டத்தில் எங்கள் மேலாளர் சொன்னார், “பாருங்கள், வந்தவர்களில் 5 சதவீதம்தான் தேறுகிறார்கள். இதுதான் நம் கல்வியின் தரம்.” நான் வாயைத் திறக்கவில்லை. அன்று பேசாமல் இருந்ததும் இந்தக் கட்டுரையை எழுத ஒரு காரணம். காலி இடங்களின் எண்ணிக்கையை, வந்தவர்களின் தரம் என்று சொல்லிவிட்டார். இருநூறு இடம் இருந்திருந்தால், அதே பிள்ளைகளில் பாதிப் பேர் தேறியிருப்பார்கள்.

இது ஒரு சனிக்கிழமையின் கதையாக நின்றுவிடவில்லை என்பதற்குப் பெரிய கணக்கும் இருக்கிறது. 2021-22 நிதியாண்டில் டி.சி.எஸ். ஒரு லட்சம் புதிய பட்டதாரிகளை எடுத்தது. இன்ஃபோசிஸ் 85,000 பேரை எடுத்தது. கொரோனா காலத்தில் உலகம் முழுக்க எல்லாரும் கணினிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள், வேலைக்கு ஆள் போதவில்லை. இரண்டே வருடம் கழித்து, 2023-24இல் டி.சி.எஸ். ஊழியர் எண்ணிக்கை 13,249 குறைந்தது. இன்ஃபோசிஸில் 25,994, விப்ரோவில் 24,516. தெலங்கானா அரசின் கணக்கையே பாருங்கள். 2022-23இல் மாநிலத்தின் ஐ.டி. துறையில் புதிதாகச் சேர்ந்தவர்கள் 1,27,000க்கும் மேல். அடுத்த வருடம் நாற்பதாயிரம்தான்.

இந்த இரண்டு வருட இடைவெளியில் என்ன மாறியது? ஜே.என்.டி.யூ. பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம் மாறிவிட்டதா? அண்ணா பல்கலைக்கழகத்து மாணவர்களின் மூளை சுருங்கிவிட்டதா? ஒரே கல்லூரி, அதே ஆசிரியர்கள், அதே ஆய்வகம். 2021இல் முடித்த அண்ணன் கையில் மூன்று ஆஃபர். 2023இல் முடித்த தம்பி கையில் ஒன்று, அதிலும் தேதி இல்லை. அமெரிக்காவில் வட்டி விகிதம் ஏறியது, வாடிக்கையாளர்கள் செலவைச் சுருக்கினார்கள், முன்பு அளவுக்கு மீறி எடுத்த ஆட்களே மிச்சமாக இருந்தார்கள். காரணம் இவ்வளவுதான். இதை நிறுவனங்கள் பங்குதாரர்களிடம் வெளிப்படையாகவே சொல்கின்றன. மாணவர்களிடம் வரும்போது மட்டும் அது திறன் குறைபாடு ஆகிவிடுகிறது.

ஹைதராபாத்காரர்களுக்கு இன்னொரு நினைவும் இருக்கும். 2009 ஜனவரி 7ஆம் தேதி சத்யம் நிறுவனத்தின் ராமலிங்க ராஜு கணக்கில் மோசடி செய்ததை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். ஏறத்தாழ 53,000 பேர் வேலை பார்த்த நிறுவனம் ஒரே நாளில் ஆட்டம் கண்டது. அந்த வருடம் இந்த ஊரில் வேலை தேடி அலைந்தவர்களை யாரும் தகுதியற்றவர்கள் என்று சொல்லவில்லை. தவறு செய்தவர் யார் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆட்குறைப்புக்கு அப்படி ஒரு முகம் இல்லாத வருடங்களில்தான் பழி இளைஞர்கள் தலையில் விடிகிறது.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் டெல்லியின் மனித மேம்பாட்டு நிறுவனமும் சேர்ந்து 2024 மார்ச்சில் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை இன்னொன்றைச் சொல்கிறது. 2022 நிலவரப்படி பட்டம் பெற்ற இளைஞர்களில் 29.1 சதவீதம் பேருக்கு வேலையில்லை. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது 3.4 சதவீதம். கைநாட்டு வைக்கும் இளைஞரிடம் பட்டதாரியைவிடத் திறன் அதிகம் என்று யாரும் வாதாட மாட்டார்கள். படித்தவருக்கு ஏற்ற வேலை நாட்டில் போதுமான அளவுக்கு உருவாகவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் கிடையாது.

சரி, வேலைக்குச் சேரும் நாளிலேயே தயாராக இருக்க வேண்டும் என்கிறார்களே, அது எப்போதிலிருந்து வந்த வழக்கம்? நான் இந்த ஊருக்கு வந்தது 1999இல். முந்தின வருடம் நவம்பரில்தான் பிரதமர் வாஜ்பாயி சைபர் டவர்ஸைத் திறந்துவைத்திருந்தார். அமீர்பேட்டையிலிருந்து மாதாப்பூர் போகும் பேருந்தில் இரண்டு பக்கமும் பாறைகள்தான் தெரியும். நான் படித்தது மெக்கானிக்கல். கம்ப்யூட்டரில் கல்லூரி ஆய்வகத்துக்கு வெளியே கை வைத்ததில்லை. கணினிகளில் 2000ஆம் ஆண்டுத் தேதிக் கோளாறைச் சரிசெய்யும் ஒய்2கே வேலைக்கு ஆள் வேண்டும் என்று எடுத்தார்கள். என்னோடு சேர்ந்த இருபத்தெட்டுப் பேரில் சிவில் படித்தவர்கள், கெமிக்கல் படித்தவர்கள், எம்.எஸ்ஸி. கணிதம் முடித்தவர்கள் எல்லாம் இருந்தார்கள். மூன்று மாதம் உட்காரவைத்து கோபால் என்ற கணினி மொழியைச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த மூன்று மாதமும் முழுச் சம்பளம்.

அதற்குப் பிறகும் ஆறு மாதம் நான் எழுதியது எதுவும் அப்படியே வாடிக்கையாளருக்குப் போனதில்லை. குண்டூர்க்காரர் ஒருவர் எனக்கு மூத்தவர். தினமும் மாலை ஐந்தரை மணிக்கு நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்காருவார். அன்றைக்கு நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் படிப்பார். தவறு இருந்தால் திருத்த மாட்டார், ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்பார். வாடிக்கையாளருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது, தெரியாததைத் தெரியாது என்று எப்படிச் சொல்வது, ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று எப்படிக் கணக்கிடுவது எல்லாம் அவரிடம் கற்றதுதான். இவற்றில் ஒன்றைக்கூட எந்தக் கல்லூரியும் கற்றுத்தர முடியாது. நீச்சல் பாடத்தைக் கரும்பலகையில் நடத்த முடியாதது போலத்தான் இதுவும். தச்சுப் பட்டறையில், நெசவுத் தறியில், சமையல் கட்டில் நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக எல்லாரும் இப்படித்தான் கற்றார்கள். வக்கீல் சீனியரிடம் கற்றார். டாக்டர் ஹவுஸ் சர்ஜனாக வார்டில் கற்றார். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். இன்றும் வருடத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் பேரைத் தொழிற்பழகுநர்களாக எடுக்கிறது. வேலையை வேலையில்தான் கற்க முடியும் என்பது அங்கெல்லாம் யாரும் விவாதிக்காத விஷயம்.

என் வயதுக்காரர்கள் இப்போது துறைத்தலைவர்கள், இயக்குநர்கள். மேடையேறி, “இன்றைய பட்டதாரிகள் முதல் நாளே வேலை செய்யத் தயாராக இல்லை” என்கிறார்கள். நாம் முதல் நாளில் எப்படி இருந்தோம் என்று அவர்களுக்கு நினைவிருக்கிறது. அந்த மூன்று மாதச் சம்பளத்தை நமக்குக் கொடுத்தது போல இவர்களுக்குக் கொடுக்க மனமில்லை என்பதுதான் இங்கே மாறியிருக்கும் ஒரே விஷயம்.

பயிற்சிச் செலவு காற்றில் கரைந்துவிடவில்லை. நிறுவனத்தின் கணக்கிலிருந்து பெற்றோர் கணக்குக்கு மாறியிருக்கிறது. அது எங்கே செலவாகிறது என்று பார்க்க விரும்புபவர்கள் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு அமீர்பேட்டை மெட்ரோவில் இறங்கி மைத்ரிவனம் பக்கம் நடக்க வேண்டும். ஆதித்யா என்கிளேவ் கட்டடங்களில் ஜன்னலே தெரியாத அளவுக்குப் பலகைகள். ஜாவா, பைத்தான், டெஸ்டிங், சேல்ஸ்ஃபோர்ஸ், எஸ்.ஏ.பி., ஏ.டபிள்யூ.எஸ்., இப்போது எல்லாவற்றுக்கும் மேலே ஏ.ஐ. தெருமுனையில் நோட்டீஸ் கொடுக்கும் பையன்கள், “அண்ணா, ஏ கோர்ஸு?” என்று வழி மறிப்பார்கள். டிஃபன் வண்டியில் இட்லி தின்றுகொண்டே நோட்டைப் புரட்டும் பிள்ளைகள் தெலங்கானாவிலிருந்து மட்டும் வந்தவர்கள் இல்லை. ஸ்ரீகாகுளம், கர்னூல், ராய்ச்சூர், ஒடிசா, நம் தென்மாவட்டங்கள். எஸ்.ஆர். நகர் வரைக்கும் ஹாஸ்டல்கள் நிரம்பி வழிகின்றன. நாலு பேர் அறைக்கு மாதம் ஆறேழாயிரம், கோர்ஸுக்குத் தனி.

அமீர்பேட்டையை இழிவாகப் பேசுபவர்கள் உண்டு. நான் அதில் சேர மாட்டேன். அங்கே பாடம் எடுக்கும் சிலர் பகலில் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு வருபவர்கள். கல்லூரியில் நான்கு வருடம் கிடைக்காத தெளிவை நாற்பது நாளில் கொடுப்பவர்களை நான் அறிவேன். என் கோபம் வேறு. ஒரு நிறுவனம் தன் ஊழியருக்குக் கொடுக்க வேண்டிய பயிற்சியை, வேலையே கிடைக்காத ஒருவர் கடன் வாங்கிப் படிக்கிறார். எந்த நிறுவனம் எந்த மென்பொருளில் வேலை கொடுக்கும் என்று தெரியாமல், குத்துமதிப்பாக ஒன்றைத் தேர்ந்து படிக்கிறார். படித்து முடிப்பதற்குள் சந்தை வேறொன்றுக்கு மாறிவிடுகிறது. அடுத்த பேட்ச், அடுத்த கட்டணம்.

இந்த அவசரத்தில்தான் கயவர்கள் நுழைகிறார்கள். பேக்டோர் வேலை என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். பயிற்சியோடு வேலை என்று ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் வாங்கிக்கொண்டு, மாதாப்பூரில் வாடகைக்கு ஒரு தளம் எடுத்து, அடையாள அட்டையும் கொடுத்து, இரண்டு மாதம் சம்பளமும் போட்டுவிட்டு, ஒரு திங்கட்கிழமை காலை கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். சைபராபாத் காவல் துறையிடம் இப்படிப்பட்ட புகார்கள் வருடந்தோறும் போகின்றன. ஏமாந்தவர்களைப் பார்த்து, “பேராசைப்பட்டார்கள்” என்று சொல்ல நமக்கு நாக்கு கூசவில்லை. மாதம் இருபதாயிரம் ரூபாய் சம்பளம் வேண்டும் என்பது பேராசையா?

சம்பளம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. பெரிய மென்பொருள் நிறுவனங்களில் புதிதாகச் சேரும் சாதாரணப் பட்டதாரிக்குப் பத்துப் பதினைந்து வருடமாக வருடத்துக்கு மூன்று, மூன்றரை லட்சம்தான். ஹைதராபாத்தில் வீட்டு வாடகை, பெட்ரோல், பால் எல்லாம் எங்கோ போய்விட்டன. இன்ஃபோசிஸில் நிதித் தலைவராக இருந்த மோகன்தாஸ் பை, பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு புதியவர்களின் சம்பளத்தை உயர்த்தாமல் வைத்திருக்கின்றன என்று 2017இலேயே வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். திறமையானவர்கள் உண்மையிலேயே அரிதாக இருந்தால் அவர்கள் விலை ஏறியிருக்க வேண்டும். தக்காளி வரத்துக் குறைந்தால் கோயம்பேட்டிலும் விலை ஏறும், இங்கே மோண்டா மார்க்கெட்டிலும் ஏறும். ஆள் தட்டுப்பாடு என்கிறார்கள், விலை மட்டும் நகரவில்லை. அப்படியானால் தட்டுப்பாடு என்ற பேச்சை நான் நம்ப முடியாது.

கொடுத்த வாக்கின் நிலைமை இன்னும் மோசம். 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆறரை லட்சத்துக்கு ஆஃபர் கொடுத்துப் பயிற்சியும் முடித்தவர்களிடம், மூன்றரை லட்சத்துக்குச் சேரச் சம்மதமா என்று கேட்டது. 2025 பிப்ரவரியில் இன்ஃபோசிஸ் மைசூர் வளாகத்திலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை, உள்தேர்வில் மூன்று முறை தேறவில்லை என்று ஒரே நாளில் அனுப்பியது. அவர்களில் பலர் 2022இல் ஆஃபர் வாங்கி, இரண்டு வருடத்துக்கு மேல் காத்திருந்து சேர்ந்தவர்கள். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். இரண்டு வருடம் ஒருவரைக் கைகட்டி உட்காரவைத்துவிட்டு, மறந்துபோனதற்கு அவரையே தண்டிப்பது நியாயப்படி சரியா?

எதிர்த்தரப்பில் வலுவான வாதங்கள் மூன்று உண்டு.

கல்லூரிகளின் தரம் மோசம் என்கிறார்கள். ஆமாம். பல கல்லூரிகளில் ஆசிரியர் இல்லை, ஆய்வகம் இல்லை, இறுதியாண்டு புராஜெக்டை அமீர்பேட்டையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஆனால் அந்தக் கல்லூரிகளைப் பெருக்கியது யாருடைய தேவை? ஆட்கள் வேண்டும், கம்ப்யூட்டர் படிப்பு போதும் என்று தொழில்துறை சொன்னபோதுதான் சிவிலும் மெக்கானிக்கலும் சுருங்கி, கம்ப்யூட்டர் இடங்கள் பல மடங்கு பெருகின. தெலங்கானாவில் இன்று பொறியியல் இடங்களில் மிகப் பெரும்பகுதி அதுதான். அரசு கட்ட வேண்டிய கல்விக்கட்டணம் பாக்கி என்று கல்லூரிகள் மாணவரின் அசல் சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. சான்றிதழ் கையில் இல்லாமல் கிடைத்த வேலையில் சேர முடியாமல் நிற்கும் பிள்ளையும் இந்தப் புள்ளிவிவரங்களில் வேலையற்றவராகத்தான் வருகிறார். கல்லூரி மோசம் என்பது மாணவருக்கு எதிரான சாட்சியம் ஆகாது. அவருக்கு இழைக்கப்பட்ட முதல் அநீதி அது.

பயிற்சி கொடுத்தால் வேறு நிறுவனத்துக்கு ஓடிவிடுகிறார்கள் என்பது அடுத்தது. இதில் நியாயம் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ஓடுவதைத் தடுக்க நிறுவனங்களிடம் பத்திரம் இருக்கிறது. இடையில் விலகிய வங்கி அதிகாரியிடம் 2 லட்ச ரூபாய் வசூலிக்கும் ஒப்பந்தம் செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அதையெல்லாம்விட எளிய வழி, இரண்டு வருட அனுபவத்துக்கு வெளியே என்ன சம்பளம் கிடைக்குமோ அதைத் தாமே கொடுத்துவிடுவது. உள்ளே இருப்பவருக்கு மூன்றரை லட்சம், வெளியிலிருந்து வருபவருக்கு ஏழு லட்சம் என்று விதி வைத்துக்கொண்டு, விசுவாசம் இல்லை என்று குறை சொல்லக்கூடாது.

மூன்றாவதுதான் என்னை அதிகம் வருத்துவது. ஆங்கிலம் பேச வரவில்லை, பழக்கவழக்கம் தெரியவில்லை, மனவலிமை இல்லை. சாஃப்ட் ஸ்கில் என்ற பெயரில் இங்கே அளக்கப்படுவது பெரும்பாலும் பிறந்த வீடு. அப்பா ஆங்கிலப் பத்திரிகை வாங்கினாரா, பள்ளியில் மேடையேற்றினார்களா, முன்பின் தெரியாதவர் கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்கினார்களா என்பவை. நான் எழுந்து போகவிட்ட அந்த மகபூப்நகர்ப் பெண்ணுக்கு ஆறு மாதம் ஓர் அலுவலகத்தில் உட்கார இடம் கொடுத்திருந்தால், அந்த ஆங்கிலம் தானாக வந்திருக்கும். எனக்கு அப்படித்தான் வந்தது. மனவலிமை பற்றிய பேச்சு இன்னும் கொடியது. 2024 ஜூலையில் புனேயில் ஒரு பெரிய கணக்கு நிறுவனத்தில் சேர்ந்த நான்கே மாதத்தில், 26 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். வேலைச்சுமைதான் காரணம் என்று அவர் தாய் நிறுவனத்தின் தலைவருக்கு எழுதிய கடிதம் நாட்டையே உலுக்கியது. அதற்கு ஒன்றிய நிதியமைச்சர், சென்னையில் ஒரு கல்லூரி விழாவில், அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையை வீட்டில் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டும் என்ற பொருளில் பேசினார். இறந்த பிறகும் குறை அந்தப் பெண்ணிடமும் அவர் வீட்டிடமுமே தேடப்பட்டது. வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023இல் இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி சொன்னதும் இளைஞர்களைப் பார்த்துத்தான்.

அரசுகள் சும்மா இருக்கின்றன என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2022இல் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்டம் வந்தது. தெலங்கானா 2024இல் யங் இந்தியா திறன் பல்கலைக்கழகத்துக்கு அடிக்கல் நாட்டி, தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திராவைத் தலைவராக்கியது. நல்ல முயற்சிகள்தான். ஆனால் இவையும் குறை மாணவரிடம் இருக்கிறது என்ற இடத்திலிருந்தே தொடங்குகின்றன. முன்பு நிறுவனம் செய்த செலவைப் பாதி பெற்றோரும் பாதி அரசும் செய்யும் ஏற்பாடாக இது முடிந்துவிடக்கூடாது.

ஜெர்மனியில் முந்நூறுக்கும் மேற்பட்ட தொழில்களுக்கு வேறு மாதிரி ஓர் ஏற்பாடு இருக்கிறது. இளைஞர் முதலில் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுகிறார். வாரத்தில் மூன்று நாலு நாள் அங்கே வேலை, மீதி நாள் தொழிற்பள்ளி. உதவித்தொகை தருவது நிறுவனம். ஜெர்மனிவரை போக வேண்டியதில்லை, நம்மிடமே 1961ஆம் வருடத்துத் தொழிற்பழகுநர் சட்டம் இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன் ஊழியர் எண்ணிக்கையில் 2.5 சதவீதத்துக்குக் குறையாமல் தொழிற்பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும் என்பது கட்டாயம். எடுக்காவிட்டால் என்ன? காலியாகவிட்ட ஓர் இடத்துக்கு முதல் மூன்று மாதம் மாதத்துக்கு 500 ரூபாய், பிறகு 1,000 ரூபாய் என்று 2014 திருத்தம் அபராதம் வைத்தது. ஒரு மாணவர் தேர்வுக் கட்டணத்தைத் தாமதமாகக் கட்டினால் கல்லூரி போடும் அபராதமே சில சமயம் இதைவிட அதிகம்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. ஆஃபர் லெட்டரில் சேரும் தேதி இருக்க வேண்டும். அந்தத் தேதி தாண்டினால் காத்திருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் பாதிச் சம்பளமாவது கொடுக்க வேண்டும். சேர்த்த பிறகு கொடுக்கும் பயிற்சி நிறுவனத்தின் செலவு. அபராதம் வலிக்கும் அளவுக்கு உயர வேண்டும். இவற்றைச் சட்டமாக்க ஹைதராபாத்திலும் சென்னையிலும் சட்டமன்றங்கள் இருக்கின்றன. இரண்டு மாநில அரசுகளும் முதலீட்டுக்காக நிலமும் சலுகையும் கொடுத்து நிறுவனங்களை அழைக்கின்றன. அந்த ஒப்பந்தத்திலேயே இத்தனை புதியவர்களை இத்தனை மாதம் சம்பளத்தோடு பயிற்றுவிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினால், எந்த நிறுவனமும் அதற்காக நிலத்தை வேண்டாம் என்று சொல்லாது.

நண்பனின் மகன் பத்மாராவ் நகரில் என் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தான். ஸ்கந்தகிரி கோயிலுக்குப் போய்விட்டு, விபூதி நெற்றியோடு வந்து உட்கார்ந்தான். “மாமா, என்கிட்ட என்ன குறைன்னு நீங்களாவது சொல்லுங்க, சரி பண்ணிக்கிறேன்” என்றான். அவன் எழுதிய நிரல்களை வாங்கிப் பார்த்தேன். 1999இல் நான் எழுதியதைவிட எவ்வளவோ மேல். அதை அவனிடம் சொன்னேன். அன்றிரவே அவன் அப்பாவுக்கும் போன் போட்டுச் சொன்னேன். பையன் இப்போது கொண்டாப்பூரில் ஒரு சிறு நிறுவனத்தில் மாதம் 18,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறான். அவனுக்கு மேலே இருப்பவர் தினமும் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாராம். கேம்பஸில் எடுத்த பெரிய நிறுவனத்திடமிருந்து சேரும் தேதி இன்றுவரை வரவில்லை.

இதைப் படிப்பவர்களில் சொந்தமாகத் தொழில் நடத்துபவர்கள் இருப்பீர்கள், கோவையில், ஓசூரில், சென்னையில், இங்கே ஹைதராபாத்திலும். உங்களிடம் முப்பது பேருக்கு மேல் வேலை பார்த்தால், இந்த வருடமே இரண்டு பேரைப் பழகுநர்களாக எடுங்கள். தமிழ்நாட்டுக்கும் தெலங்கானாவுக்கும் சேர்த்துப் பொறுப்பான தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்தின் தென்மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. பட்டதாரிக்குக் கொடுக்கும் உதவித்தொகையில் ஒரு பங்கை அரசே திருப்பித் தருகிறது. அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார, உங்களிடம் இருப்பவர்களிலேயே பொறுமையான ஒருவரை நியமியுங்கள்.